இடது கதவில் அக்கா

கச்சேரிக்கு வருகிற கூட்டத்தைப் பற்றி என்னிடம் நல்ல வார்த்தை எதிர்பார்க்காதீர்கள். டிக்கெட்டைப் பார்ப்பது, இருக்கையைக் காட்டுவது, பாட்டு ஆரம்பித்ததும் கதவைச் சாத்துவது, இதுதான் அரங்கத்தில் என் வேலை. மேடையில் யார் பாடினாலும் எனக்குத் தெரிவது கூட்டத்தின் பின்மண்டைதான். அந்தப் பின்மண்டைகளைப் பார்த்தே வெறுத்துப் போய்விட்டேன்.

வீட்டில் ஒழுங்காக இருக்கிற மனிதர்கள்தான். டிக்கெட் கைக்கு வந்ததும் என்ன பிடித்துக்கொள்கிறதோ தெரியவில்லை. ஒருத்தர் கைக்குட்டை, கண்ணாடிக்கூடு, சீப்பு என்று பையில் இருந்ததையெல்லாம் பரப்பி ஒரு வரிசையையே பிடித்து வைப்பார். சொந்தக்காரர்கள் வருகிறார்களாம். இன்னொருத்தர், மேடையில் மூச்சை அடக்கிக்கொண்டு மெல்லிய வரி பாடுகிற நேரம் பார்த்துச் சிப்ஸ் பொட்டலத்தைப் பிரிப்பார். சத்தம் வரக்கூடாதாம், அதனால் மெதுவாக, மெதுவாக, பாட்டு முடிகிறவரை பிரிப்பார். ஒரே இழுப்பில் கிழித்துத் தொலைத்தால் ஆகாதா? போன வாரம் ஒரு மகராசி போனில், "கச்சேரியில இருக்கேன், ஒண்ணும் கேக்கல, சத்தமாப் பேசு" என்று கத்தினாள். பக்கத்தில் போய்க் குனிந்து, "அம்மா, போன்" என்றேன். "உங்களுக்கா?" என்று என்னிடம் நீட்டினாள். இவர்களை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

இவர்கள் எல்லாரையும் தூக்கிச் சாப்பிடுகிற ஜாதி ஒன்று உண்டு. கூடவே பாடுகிறவர்கள். அதில் தலைமைப் பீடம் என் கூடப் பிறந்த அக்காவுக்குத்தான்.

அக்காவுக்கு மருந்துக் கடையில் வேலை. மாத்திரை அட்டையைக் கத்தரிக்கும்போதும் பாட்டு, சில்லறை கொடுக்கும்போதும் பாட்டு. கடையில் பாடினால் யாருக்கு என்ன நஷ்டம்? இருமிக்கொண்டு வந்தவன்கூடக் கொஞ்ச நேரம் இருமலை மறந்து நிற்பான். ஆனால் அவள் கச்சேரியிலும் பாடுவாள். மேடையில் பாடுகிறவரை அரைத் தாளம் முந்திக்கொண்டு, அடுத்த வரி தனக்குத் தெரியும் என்று ஊருக்கு அறிவிக்கிற மாதிரி பாடுவாள். சொன்னால் நம்ப மாட்டாள். "நானா? நான் வாயே திறக்கலயே!" என்பாள். பொய் சொல்லவில்லை, சத்தியமாக அவளுக்கே தெரியாது. அத்தான் அவளோடு கச்சேரிக்கு வருவதை என்றைக்கோ விட்டுவிட்டார். "ஒருத்தருக்கு டிக்கெட் எடுத்துட்டு இன்னொருத்தர் பாட்டக் கேக்கறதா?" என்று சொல்லிவிட்டு வீட்டிலேயே படுத்துக்கொள்வார்.

அக்காவின் மகள் மேடை ஏறும்வரை இது எங்களுக்கு வேடிக்கையாகத்தான் இருந்தது.

அவளை நாங்கள் பொடிசு என்றுதான் கூப்பிடுகிறோம். வளர்ந்து, வேலைக்குப் போய், என் தலைக்கு மேல் உயர்ந்துவிட்டாள், இன்னும் பொடிசுதான். போன வருடம் ஒரு போட்டியில் பாடினாள். அக்காவுக்கு மூன்றாவது வரிசை. பொடிசு மேலே முதல் வரியை எடுத்தாள், அக்கா கீழே இரண்டாவது வரியை எடுத்தாள். பொடிசு குரலைக் கொஞ்சம் உயர்த்தினால் அக்கா இன்னும் உயர்த்தினாள். பின்வரிசையில் எவனோ ஒருத்தன், "பரிசு யாருக்குப்பா, மேல இருக்கறவளுக்கா, கீழ இருக்கறவளுக்கா?" என்று கேட்டான். அரங்கமே சிரித்தது. பொடிசு பாதிப் பாட்டில் நிறுத்தினாள். மைக்கைத் தாங்கியில் வைத்துவிட்டு இறங்கிப் போய்விட்டாள்.

அப்போதும் அக்காவுக்கு உறைக்கவில்லை. "வரி மறந்துட்டா பாவம். நான் எடுத்துக் குடுத்தும் பிடிச்சுக்கத் தெரியல" என்று போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். பொடிசு அதற்குப் பிறகு பல மாதம் குளியலறையில்கூடப் பாடவில்லை.

இந்த நிலையில்தான் ஓர் இசைக்குழுத் தலைவர் அவளைக் கூப்பிட்டார். எங்கள் அரங்கத்திலேயே நிகழ்ச்சி. ஆரம்பத்தில் இரண்டு பாட்டு அவளுக்கு. நன்றாகப் பாடினால் குழுவில் நிரந்தரமாக இடம். ஒத்திகையெல்லாம் குழுவின் அறையிலேயே பார்த்துக்கொண்டாள், வீட்டில் ஒரு வரிகூடப் பாடிக் காட்டவில்லை.

நிகழ்ச்சி அன்று மாலை, வாசலைத் திறப்பதற்கு முன்னால் என்னைத் தேடிக்கொண்டு வந்தாள்.

"சித்தி, எனக்கு ஒரு உதவி பண்ணு."

"சொல்லுடி."

"நான் பாடி முடிக்கற வரைக்கும் அம்மாவ உள்ள விடாத."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "நல்லா இருக்கே கதை! பெத்தவள வாசல்ல நிறுத்தறதா? நீயே அவகிட்ட பக்குவமா எடுத்துச் சொல்லேன்."

"சொன்னா அழுவா. அழுதுட்டு, சரிடி, வாயத் திறக்க மாட்டேன்னு சத்தியம் பண்ணுவா. பண்ணிட்டு வந்து உக்காந்து பாடுவா. உனக்குத் தெரியாதா?" என் கையைப் பிடித்துக்கொண்டாள். "இன்னைக்கும் பாதியில நின்னேன்னா அவ்ளோதான் சித்தி. இனிமே பாட்டுப் பக்கமே போக மாட்டேன். நெஜமாத்தான் சொல்றேன்."

"சரி சரி, போய்த் தயாராகு. உங்கம்மா என்னைக்கு நேரத்துக்கு வந்திருக்கா? அவ வந்து சேர்றதுக்குள்ள நீ பாடி முடிச்சு டீயும் குடிச்சிருப்ப" என்று அனுப்பி வைத்தேன்.

என் வாயில் வசம்பை வைத்துத் தேய்க்க. தன் கல்யாணத்துக்கே தாமதமாக வந்தவள் அக்கா. அன்றைக்கு என்றால் கூட்டத்துக்கெல்லாம் முந்தி முதல் ஆளாக வந்து நிற்கிறாள். புதுத் துணி, முகமெல்லாம் பவுடர், கைப்பை நிறையக் கடையிலிருந்து கொண்டுவந்த தொண்டை மாத்திரை.

"முன்வரிசையில எனக்கு ஒரு இடம் பிடிச்சு வை. நான் கண்ணுக்கு எதுர்ல இருந்தாத்தான் அவளுக்குத் தைரியம்" என்றாள்.

இவளை எங்கே கொண்டுபோய்க் கட்டிப் போடுவது? அப்போதுதான் இடது கதவுக்காரர் காய்ச்சல் என்று வராதது ஞாபகம் வந்தது. கடவுளாகப் பார்த்துக் கொடுத்த காய்ச்சல். அவருடைய கைப்பட்டையையும் டார்ச்சையும் எடுத்து வந்து அக்காவிடம் நீட்டினேன்.

"அக்கா, அந்தக் கதவுக்கு ஆள் இல்ல. கொஞ்ச நேரம் நிக்கறியா?"

"விளையாடறியா? என் பொண்ணு பாடறா, நான் வாசக்காவல் பாக்கறதா?"

"அவ நாலாவதாத்தான் பாடறா" என்று கூசாமல் புளுகினேன். "அவ நேரம் வந்ததும் நானே உன்ன அனுப்பறேன். பாட்டு நடக்கும்போது ஒரு ஈ எறும்பு உள்ள போகக் கூடாது. முரட்டு ஆளுங்க வருவாங்க, சண்டைக்கு நிப்பாங்க. உன்னால முடியாதுன்னா சொல்லிடு, வேற ஆளப் பாக்கறேன்."

'உன்னால் முடியாது' என்று ஒரு வார்த்தை போதும், அக்கா மலையைக்கூடப் பெயர்ப்பாள். பட்டையை வாங்கிக் கையில் மாட்டிக்கொண்டாள். என் கதவுக்கும் அந்தக் கதவுக்கும் நடுவே நாலைந்து எட்டுத்தான் இருக்கும். போய்க் காலை அகட்டி நின்றாள் பாருங்கள், எனக்கே டிக்கெட்டைக் காட்டிவிடலாமா என்று இருந்தது.

கூட்டம் வந்தது. வழக்கமான தள்ளுமுள்ளு, வழக்கமான கைக்குட்டைகள். மணி அடித்தது, விளக்கு அணைந்தது, இரண்டு கதவையும் சாத்தினோம். உள்ளே வாத்தியங்களும் பின்னாலேயே ஒரு பெண் குரலும் தொடங்கின.

தொடங்கியதும்தானே நம் ஆட்கள் வருவார்கள்! ஒரு பருத்த மனிதர் கையில் ஐஸ்கிரீமோடு அக்காவின் கதவுக்குப் போனார்.

"ஒரே நிமிஷம்மா. சட்டுனு உள்ள போயிடறேன்."

"ஷ்ஷ்! உள்ள பாடறாங்க, காதுல விழல?"

"காசு குடுத்து டிக்கெட் வாங்கியிருக்கேன்."

"காசு குடுத்தா நேரத்துக்கு வரணும். ஒருத்தி உயிரக் குடுத்துப் பாடிட்டிருக்கா, நடுவுல உங்க சத்தம் எதுக்கு? வாய மூடிட்டு ஓரமா நில்லுங்க. அது ஒழுகுது, முதல்ல அதத் தின்னு முடிங்க."

யார் சொல்கிறது பாருங்கள்! எனக்குச் சிரிப்பதா, தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை. அந்த மனிதர் மறுபேச்சில்லாமல் ஓரமாகப் போய் நக்கிக்கொண்டிருந்தார்.

வெளிக்கூடம் அமைதியானது. கதவிடுக்கு வழியாகப் பாட்டு வந்தது. குழுத் தலைவர் புதிதாகப் போட்ட மெட்டு, யாரும் முன்னே கேட்டதில்லை. தணிந்து ஆரம்பித்து மெல்ல மெல்ல ஏறியது. குரல் கொஞ்சமும் ஆடவில்லை.

அக்கா கதவில் சாய்ந்தாள். காதை ஒட்ட வைத்துக்கொண்டாள். தெரியாத பாட்டு என்பதால் கூடப் பாட அவளுக்கு வரி இல்லை. வாயை மூடிக்கொண்டு அவள் ஒரு பாட்டைக் கேட்டதை நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"யாருடி இந்தப் பொண்ணு?" என்று ரகசியமாகக் கேட்டாள்.

"அக்கா, அது வந்து..."

"ஷ்ஷ்! கேக்க விடுடி."

கண்ணை மூடிக்கொண்டாள். பாட்டு இன்னும் ஏறியது. அக்காவின் முகத்தில் கவலை படர்ந்தது.

"எவ பெத்த பொண்ணோ, என்னமா பாடறா. இவளப் போயி நம்ம பொடிசுக்கு முன்னாடி போட்டுட்டாங்களே. இவளக் கேட்ட காதுக்குப் பொடிசு எடுபடுவாளா? பாவம்டி என் குழந்தை."

சொல்ல வாயெடுத்தால் அதட்டுகிறாள். பாட்டு முடிந்து கைதட்டல் வெடித்தது. அந்தச் சத்தத்தில் தைரியம் வந்து சொல்லிவிட்டேன்.

"அக்கா, அது பொடிசுதான்."

"போடி இவளே. என் பொண்ணு குரல் எனக்குத் தெரியாதா?"

கைதட்டல் அடங்கியது. உள்ளே மைக்கில், "ரொம்ப நன்றி. கொஞ்சம் தண்ணி குடிச்சுக்கறேன்" என்று பேச்சுக் குரல் கேட்டது. தினமும் காலையில் சீப்பு எங்கே, சாவி எங்கே என்று வீட்டில் கேட்கிற அதே குரல். அக்கா கதவிலிருந்து காதை எடுத்து என்னைப் பார்த்தாள்.

"நாலாவதுன்னு சொன்ன."

"பொய் சொன்னேன்."

"அவ சொல்லச் சொன்னாளா?"

அக்கா என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன், திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். அவள் டார்ச்சை இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றிக்கொண்டிருந்தாள்.

"அந்தப் போட்டியில அவ வரி மறக்கல. இல்ல?"

"இல்லக்கா."

"அம்மா, கதவத் திறங்க, பாட்டு முடிஞ்சிருச்சு" என்றார் ஐஸ்கிரீம்காரர். எந்த நேரத்தில் என்ன பேசுவது என்று ஒரு விவஸ்தை வேண்டாமா? ஆனாலும் பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே திறந்து விடுவதுதான் விதி. அக்கா கதவைத் திறந்தாள். அவர் உள்ளே போனார். அக்காவும் ஒரு எட்டு உள்ளே வைத்தாள்.

நான் ஓடிப்போய் மறித்திருக்க வேண்டும். பொடிசுக்குக் கொடுத்த வாக்கு அது. ஆனால் இவ்வளவு கேட்ட பிறகு ஒரு தாயைக் கையைப் பிடித்து இழுக்க யாரால் முடியும்?

அக்காவின் தோளுக்கு மேலாக மேடை தெரிந்தது. பொடிசு மைக் தாங்கியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். அடுத்த பாட்டுக்கான வாத்தியம் தொடங்கியது. முதல் இழையிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. போட்டியில் பாதியில் விட்ட அதே பாட்டு. அக்காவுக்குத் தலைகீழாகத் தெரிந்த பாட்டு.

அக்கா பின்வாங்கினாள். வெளியே வந்து, கதவைச் சத்தமில்லாமல் சாத்தினாள்.

முதல் வரிக்கே அவள் உதடு அசைந்தது. தொண்டையிலிருந்து லேசாக ஒரு சத்தமும் வந்துவிட்டது. திடுக்கிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். கைப்பையைத் துழாவித் தொண்டை மாத்திரைகளை எடுத்து, ஒன்று, இன்னொன்று, இன்னும் இரண்டு என்று வாய் கொள்ளாமல் அடைத்துக்கொண்டாள். கன்னம் இரண்டும் உப்பிக்கொண்டு, கண்ணில் நீர் வழிய, கதவில் முதுகை வைத்து நின்றாள். போட்டியில் பொடிசு நிறுத்திய அந்த இடம் வந்தது. பக்கத்தில் போய் நின்ற என் கையை அக்கா பிடித்துக்கொண்டாள், நகம் பதிந்தது. குரல் அந்த இடத்தைத் தாண்டியது. தாண்டி மேலே போய், கடைசி வரிவரைக்கும் போய் முடிந்தது.

கைதட்டல் ஓய்வதற்குள் பக்கவாட்டு வழியாகப் பொடிசு ஓடி வந்தாள். "சித்தி, கேட்டியா? முழுசாப் பாடிட்டேன்! அம்மா இன்னும் வர..." என்றவள் இடது கதவைப் பார்த்துவிட்டாள். கையில் பட்டை, முகத்தில் கரைந்த பவுடர், உப்பிய கன்னம்.

"அம்மா? எப்ப வந்த?"

அக்கா கைக்குட்டையில் மாத்திரைகளைத் துப்பினாள். வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"எல்லாருக்கும் முன்னாடியே வந்துட்டேன். நான் வாயே திறக்கலடி" என்றாள். "இந்தத் தடவ நெஜம். வேணும்னா சித்தியக் கேளு."