தைத்த டயரின் தடம்

கடலுக்குள் மோட்டார் சைக்கிள் இறங்கிப் போயிருக்கிறதாம். ஒருநாள் இல்லை, பல நாளாகப் போய்க்கொண்டிருக்கிறதாம். எண்பத்தைந்தாம் ஆண்டு மார்கழி மாதத்து வியாழக்கிழமைக் காலையில், பேசாலைக் கரையில் மீன் வாங்க நின்ற அருளப்பன் இந்தக் கதையைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தான். வள்ளத்தில் ஆயுதம் வருவதைக் கேள்விப்பட்டிருக்கிறான், ஆட்கள் வருவதையும் கேள்விப்பட்டிருக்கிறான். மோட்டார் சைக்கிள் கடலில் இறங்கி நீந்துவதை இப்போதுதான் கேட்கிறான்.

"சிரிக்காதை," என்றார் பரமநாதன். அவர் விளையாட்டுக் கழகத்தின் செயலாளர், எதையும் பதறாமல் சொல்கிற மனுஷன். அன்றைக்கு அவர் குரலே சரியில்லை. "ஆமி வந்து நாடா பிடிச்சு அளந்தவங்கள். நாலு விரல் அகலமாம் தடம். கரையால போய், நடுக்குடாப் பக்கம் தண்ணிக்குள்ள இறங்கினபடி நிக்குதாம். திரும்பி வந்த அடையாளம் இல்லையாம்."

அருளப்பனின் சிரிப்பு பாதியில் நின்றது. அந்த மோட்டார் சைக்கிள் வேறு யாருமில்லை, அவன்தான்.

விஷயம் இதுதான். தை மாதம் கழகத்தின் நீள ஓட்டச் சைக்கிள் போட்டி. முன்பெல்லாம் அது தலைமன்னார் வீதியில் நடந்தது. வீதியில் மைலுக்கு ஒரு சோதனைச் சாவடி முளைத்த பிறகு, ஓடுகிறவன் இறங்கி அடையாள அட்டை காட்டிவிட்டு ஏற வேண்டும் என்றால் அது என்ன போட்டி? அதனால் இந்த வருஷம் கடற்கரையால் ஓடுவதென்று முடிவாயிற்று. பேசாலையில் தொடங்கி, தீவின் மேற்கு முனையைச் சுற்றி, தென்கரையால் தாழ்வுபாடு வரை. இருபத்தைந்து மைலுக்குக் குறையாத மணல். அதுவும் வாடைக்காற்று முகத்தில் அறைகிற மாரிக்குளிரில்.

மூன்று வருஷமாக முதலாம் இடம் எருக்கலம்பிட்டி வஸீருக்கு. மூன்று வருஷமாக இரண்டாம் இடம் அருளப்பனுக்கு. வஸீர் சைக்கிளில் பேக்கரிப் பாண் பெட்டி கட்டி ஊர் ஊராய் விற்கிறவன், அருளப்பன் மீன் பெட்டி கட்டி விற்கிறவன். வழியில் கண்டால், "என்ன மீன்காரர், இந்த முறையும் எனக்குப் பின்னால வாறீங்களா?" என்பான் வஸீர். "உன்ர பாணுக்கு எறும்பு வரும், நான் வரமாட்டன்," என்பான் அருளப்பன். சிரித்துக்கொண்டே சொன்னாலும் அவனுக்கு உள்ளே எரியும். முப்பத்தாறு வயதாகிறது, ஒருமுறையாவது வெல்லவேண்டும்.

சாதாரண டயர் மணலில் புதையும். அருளப்பன் யோசித்தான். இரண்டு பழைய டயர்களைப் பக்கம் பக்கமாக வைத்து, வலை தைக்கிற நைலோன் நூலால் ஒன்றாகத் தைத்தான். சில்லுக்கு இடம் போதாததால் அதைத் தாங்குகிற கவைக்கம்பியைப் பட்டறையில் சூடு காட்டி அகட்டினான். பார்க்க எருமை மாதிரி இருந்தது. ஆனால் மணலில் அது புதையவில்லை. ஒன்றரை மாதமாக விடியப்புறம் எழும்பி, போகும்போது காய்ந்த மணலில் உயிரைக் கொடுத்து மிதிப்பான். நடுக்குடா தாண்டுமுன் அலை வந்து தடத்தை அழிக்கிற ஈர மணலில் சைக்கிளை இறக்கிவிடுவான். அதற்குப் பிறகு எவ்வளவு தூரம் போனான், எங்கே திரும்பினான் என்பதெல்லாம் அலைக்கு மட்டும்தான் தெரியும். வீடுவரையும் ஈர மணல் வழியாகத்தான் திரும்பி வருவான். எல்லாம் வஸீர் தன் பயிற்சித் தூரத்தை அளந்துவிடக் கூடாது என்பதற்காக. தன் கெட்டித்தனத்தை நினைத்து அவன் மீசைக்குள் சிரித்துக்கொண்ட காலைகள் உண்டு.

அந்தக் கெட்டித்தனம் எங்கே கொண்டுபோய் விட்டிருக்கிறது என்று பரமநாதன் அடுத்ததாகச் சொன்னார். "நேத்துக் காலமை வஸீரைப் பிடிச்சிட்டாங்கள். அவன்ர சைக்கிளிலயும் தைச்ச டயராம்."

மீன் வாங்காமலே வீட்டுக்கு வந்தான். வாசலில் வஸீரின் மனைவி ஸுஹறா நின்றாள். எருக்கலம்பிட்டியிலிருந்து நடந்தே வந்திருக்கிறாள், செருப்பு முழுக்கச் சேறு. அருளப்பனின் மனைவி எடித் கொடுத்த தண்ணீர்ச் செம்பு கையில் அப்படியே இருந்தது.

"அண்ணன், அவர் உங்கட தடத்தப் பாத்தவர்," என்றாள். "'மீன்காரர் ரெண்டு டயர ஒண்டாத் தைச்சிருக்கார் ஸுஹறா, நானும் தைக்கப் போறன்' எண்டு ஒரு கிழமையா ஊசியும் நூலுமா இருந்தவர். நேத்துத்தான் முதல் நாள் கரைக்குப் போனவர். ஒரே ஒரு நாள் அண்ணன்."

குற்றம் சொல்ல அவள் வரவில்லை. அதுதான் அவனைக் கொன்றது. ஏசியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பான்.

"ஆமி முகாமில வந்து சொல்லுங்கோ. அது உங்கட தடம், போட்டிக்குப் பழகினது எண்டு சொன்னா விட்டிடுவாங்கள்."

அருளப்பன் எடித்தைப் பார்த்தான். அவள் உள்ளே போய் வெள்ளைச் சட்டையையும் அடையாள அட்டையையும் எடுத்து வந்தாள். "எனக்குப் பயமாக் கிடக்கு," என்றாள். "ஆனா போகாட்டி இந்த வீட்டில என்னண்டு சோறு தின்னுறது? போயிட்டு வாங்கோ."

முகாம் இரண்டு மைல். அவன் சைக்கிளை உருட்டிக்கொண்டு நடந்தான், ஸுஹறா பக்கத்தில் நடந்தாள். ஓடிவிடலாமா என்று ஒருமுறை அல்ல, பத்துமுறை நினைத்தான். நினைத்தபோதெல்லாம் பக்கத்தில் அந்தச் சேற்றுச் செருப்புச் சத்தம் கேட்டது.

வாசலில் காவலுக்கு நின்றவன் ஸுஹறாவை விடவில்லை. அவள் வெளியே ஒரு பனங்குற்றியில் உட்கார்ந்தாள். அருளப்பன் சைக்கிளோடு உள்ளே போனான்.

அடிப்பார்கள் என்று நினைத்துப் போனவனுக்குக் கதிரை போட்டார்கள். அதிகாரி இளவயதுக்காரன், தங்கச்சட்டம் போட்ட கண்ணாடி. தமிழ் தெரிந்த ஒரு சிப்பாய் பக்கத்தில் நின்று மொழிபெயர்த்தான். அருளப்பன் போட்டி, வீதிச் சாவடி, மணல், டயர், ஈரத்தால் திரும்பியது எல்லாவற்றையும் ஒன்றும் விடாமல் சொன்னான். அதிகாரி எழும்பி வந்து தைத்த டயரைப் பெருவிரலால் அமுக்கிப் பார்த்தான். அவன் முகம் மலர்ந்தது.

"ஓடிக் காட்டச் சொல்லுறார்," என்றான் மொழிபெயர்த்தவன்.

முகாமுக்குப் பின்னால் கடற்கரை. அருளப்பன் ஏறி மிதித்தான். சிப்பாய்கள் கைதட்டினார்கள், ஒருவன் விசிலும் அடித்தான். வெட்கக்கேடு என்னவென்றால், அந்தக் கைதட்டலில் அவன் நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்தது. காற்றுக்கு எதிராக இன்னும் விசையாக ஓடிக் காட்டிவிட்டு வந்தான். நாடா பிடித்து அளந்தார்கள். நாலு விரல் அகலம். அதிகாரி தலையை ஆட்டிச் சிரித்தான்.

"கரையில ஓடினது நீ ஒருத்தன்தானா எண்டு கேக்கிறார்."

அருளப்பனுக்கு வந்த காரியம் முடிந்துவிட்டது போலிருந்தது. இவ்வளவு லேசா! "ஓம் சேர். நான் ஒருத்தன்தான். அந்தத் தடம் முழுக்க என்ரதான். வஸீருக்கும் அதுக்கும் ஒரு தொடுப்பும் இல்லை," என்று அழுத்திச் சொன்னான். இரண்டு தரம் சொன்னான்.

அதிகாரி சிங்களத்தில் எழுதினான். ஒரு தாள் நிறைய எழுதினான். சிங்களம் வாசிக்கத் தெரியாத அருளப்பன், அதிகாரி காட்டிய இடத்தில் கையெழுத்து வைத்தான். அவனுக்குத் தேத்தண்ணி கொடுத்தார்கள், குடித்தான். இனி வஸீரைக் கூட்டி வருவார்கள் என்று கதவையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஒரு சிப்பாய் வந்தான். அவன் உருட்டி வந்தது ஒரு சைக்கிள். தைத்த டயர், பின்னால் பாண் பெட்டி கட்டுகிற ரப்பர். அதைக் கொண்டுவந்து அருளப்பனின் சைக்கிளுக்குப் பக்கத்தில் சாத்தினான்.

"ரெண்டையும் கொண்டு போ," என்றான் மொழிபெயர்த்தவன்.

"இது என்ரை இல்லை சேர், வஸீரின்ர. வஸீர் எங்க?"

மொழிபெயர்த்தவன் அதிகாரியைப் பார்க்கவில்லை, நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "நீ கையெழுத்து வச்சிட்டாய். ரெண்டு சைக்கிளும் உன்னுடையது, கரையில ஓடினது நீ மட்டும், வேற ஆள் இல்லை எண்டு அதில இருக்கு. வஸீர் எண்டு ஒருத்தரையும் இங்க கொண்டு வரேல்ல. சேர் நல்ல மனசில இருக்கிறார். கெதியாப் போ."

"இல்லை, நான் சொன்னது அப்பிடி இல்லை," என்றான் அருளப்பன். அந்தத் தாள் ஏற்கனவே ஒரு கோப்புக்குள் போய், கோப்பு அலுமாரிக்குள் போய்விட்டது. அதிகாரி அடுத்த வேலையைப் பார்க்கத் தொடங்கியிருந்தான். காவலுக்கு நின்றவன் துவக்கின் பிடியால் வாசலைக் காட்டினான்.

வலக்கையில் ஒன்று, இடக்கையில் ஒன்றாக இரண்டு சைக்கிளையும் உருட்டிக்கொண்டு வந்தான். அவை ஒன்றோடொன்று இடித்துக்கொண்டே வந்தன. நடக்கிறது தான்தானா என்று அவனுக்கு விளங்கவில்லை. ஒரு மனுஷனைக் காப்பாற்ற வந்து, அப்படி ஒரு மனுஷனே இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போகிறான்.

ஸுஹறா இரண்டு சைக்கிளையும் கண்டாள். குற்றியிலிருந்து எழும்பி முக்காட்டைச் சரிசெய்தாள். முகமெல்லாம் சிரிப்பு. அவள் அவனைப் பார்க்கவில்லை, அவனுக்குப் பின்னால் வாசலைப் பார்த்தாள்.

"அவர் பின்னால வாறாரா அண்ணன்?"

அவன் இரண்டு சைக்கிளையும் நிறுத்தினான். "தங்கச்சி," என்றான். "கரையில ஓடினது நான் ஒருத்தன்தான், வேற ஆள் இல்லையெண்டு கையெழுத்து வச்சுக் குடுத்திட்டன்."

"அல்ஹம்துலில்லாஹ்," என்றாள் ஸுஹறா. வஸீரின் சைக்கிளை அவன் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். "அப்ப அவரை விடத்தானே வேணும்?"