பதினோரு பக்கத்து அடுப்பு

அண்ணனின் தலையைத் தாங்கிக்கொண்டு தலையணையை உருவியபோது, அதனடியில் இருந்த அமெரிக்க நாவல் சரிந்து தங்கையின் காலில் விழுந்தது. அறுநூறு பக்கம்.

"போய்ச் சேர்ந்தும் விடமாட்டேங்கறாரு, பாருங்க அண்ணி."

தையற்காரரான அண்ணன் ஐம்பத்தெட்டு வயதில் அஞ்சல் வழிப் பட்டப்படிப்பில் சேர்ந்திருந்தார். ஆலைத் தொழிலாளி ஒருவனின் குடும்பக் கதை பாடமாக வாய்த்தது. பார்வை மங்கியிருந்ததால், நீதிமன்றத்தில் தட்டச்சு செய்யும் தங்கை மாலைதோறும் வந்து வாசித்துப் பொருள் சொல்ல வேண்டியதாயிற்று. "ஒரு வரி விடக்கூடாது" என்பது அவருடைய நிபந்தனை. நாவலாசிரியரோ ஓர் இரும்பு அடுப்பு வாங்குவதற்கே பதினோரு பக்கம் எழுதியிருந்தார். நேற்று அவள் பொறுமையிழந்து, "அடுப்பு வந்தாச்சு" என்று ஒரேயடியாகத் தாண்டிவிட்டாள். அப்படித் தாண்டுவது அவளுக்குப் புதிதன்று.

மூச்சு வாங்கியபடியே அவர் கேட்டார்: "பாப்பா, அவ்வளவு கனத்தை யாரு தூக்கிட்டு வந்தா?"

"யாரோ தூக்கினாங்க. இப்ப அதுதான் ரொம்ப முக்கியமா?"

அவரிடம் அவள் கடைசியாகப் பேசியது அதுதான்.

புத்தகத்தை எடுத்துப் பிரித்தாள். பக்க ஓரத்தில், துணிக்குக் குறியிடும் நீலச் சாக்கினால் ஒரு கோடு. அதன் குறுக்கே இன்னொரு கோடு. புரட்டப் புரட்ட அதே குறி.

"என்ன அண்ணி இது?"

அண்ணி அவருக்குச் சட்டைப் பொத்தான்களைப் போட்டுக்கொண்டிருந்தாள். "தையல் விட்ட இடத்துக்குப் போடற கோடு. நீ விட்ட இடமெல்லாம் அவருக்குத் தெரியும். காலையில லென்ஸும் அகராதியுமா உக்காந்து படிச்சு முடிச்சுட்டுக் குறுக்குக் கோடு போடுவாரு. உங்கிட்ட சொல்லக்கூடாதுன்னுட்டாரு."

"தானே படிக்கத் தெரிஞ்சவரு எதுக்கு என் உயிரை வாங்கணும்?"

அண்ணி கட்டிலருகில் கிடந்த நாற்காலியைப் பார்த்தாள். தங்கைக்கு முதுகு வலிக்கும் என்று அவர் தைத்துப் போட்ட மெத்தை அதன்மேல் இருந்தது.

அடுப்பு வாங்கும் பக்கத்தில் ஒற்றைக் கோடுதான் இருந்தது.

வெளியே அமரர் ஊர்தி வந்து நின்று ஒலியெழுப்பியது. தங்கை நாற்காலியில் அமர்ந்து, வரியின் கீழ் விரலை வைத்து உரக்க வாசிக்கத் தொடங்கினாள். கடையின் வாசல், கடைக்காரரின் மேலங்கி, அதிலிருந்த பொத்தான்கள், எதையும் விடவில்லை.

வண்டி மறுபடியும் ஒலியெழுப்பியது.

"கொஞ்சம் இருக்கச் சொல்லுங்க, அண்ணி. அடுப்பு இன்னும் கடையிலதான் இருக்கு."