தொட்டியில் ஒட்டிய டேப்

என் அக்கா புருஷனுக்குத் தோட்டம் என்றால் விதைப் பாக்கெட்டில் அச்சடித்திருக்கும் படம்தான். படத்தில் இருப்பதுதான் மண்ணிலும் வரும் என்று நம்புகிற மனிதர். முப்பது வருஷம் காப்பீட்டு அலுவலகத்தில் ரப்பர் ஸ்டாம்ப் குத்தியவர், காகிதத்தை நம்பாமல் வேறு எதை நம்புவார்?

நான் அவர்கள் வீட்டு மாடி அறையில் இருக்கிறேன். ஓட்டல் சமையலறையில் பதினோரு வருஷமாக எனக்கு சாலட் மேசை. கீரை கழுவு, வெள்ளரி நறுக்கு, தட்டில் அடுக்கு, அவ்வளவுதான். பக்கத்திலேயே அடுப்புகள் எரிந்துகொண்டிருக்கும், எனக்கு மட்டும் அங்கே இடம் கிடையாது. சாஸ் அடுப்புக்காரர் வேலையை விட்டுப் போகப்போகிறார் என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து எனக்கு வேறு நினைப்பே இல்லை. அந்த அடுப்பு எனக்கு வேண்டும்.

அதை யாருக்குக் கொடுப்பது என்று முடிவு செய்ய வேண்டியவர் கரண்டியம்மா. எங்கள் தலைமைச் சமையல்காரிக்கு நாங்கள் வைத்த பெயர் அது. வாயால் சொல்ல வேண்டியதில் பாதியைக் கரண்டியால் மேசையில் தட்டியே சொல்லிவிடுவார். போட்டிக்கு இரண்டு பேர். ஒன்று நான். இன்னொன்று முட்டைக்காரன், காலை முழுக்க ஆம்லெட் போடுகிறவன். அவனைப் போட்டி என்று சொல்லவே எனக்கு வாய் கூசியது.

குளிர் தொடங்குவதற்கு முன்னால் ஒரு நாள் கரண்டியம்மா எங்கள் இருவருக்கும் ஆளுக்கொரு டாராகன் நாற்றைக் கொடுத்தார், வேர் விட்டது. சாஸில் போடும் வெளிநாட்டு வாசனைக் கீரை அது, சோம்பு மணக்கும், மென்றால் நாக்கு மரத்துப்போகும்.

"பிரெஞ்சு டாராகன். குளிரைத் தாண்டிக் கொண்டு வாங்க. வெயில் வந்ததும் உங்க செடியில இலை பறிச்சு, நீங்களே சாஸ் பண்ணணும். யாரோடது சரியா இருக்கோ, அடுப்பு அவங்களுக்கு."

நாற்றை வீட்டுக்குக் கொண்டுவந்ததும் அத்தான் மூக்கை நுழைத்தார்.

"இதுக்குப் போய் ஏம்மா நாத்து? நான் விதையிலேயே போட்டிருக்கேனே, பாரு." இடுப்பு உயரத்துக்கு ஒரு பச்சைப் புதரைக் காட்டினார். பக்கத்தில் மஞ்சள் பூவோடு இன்னொன்று. "ரெண்டு வகை வெச்சிருக்கேன்."

புதரில் ஓர் இலையைக் கிள்ளி மென்று, அவர் எதிரிலேயே துப்பினேன்.

"அத்தான், பிரெஞ்சு டாராகன்ல முளைக்கிற விதையே கிடையாது. வேரைப் பிரிக்கணும், இல்லேன்னா கொம்பை வெட்டி நடணும். விதை போட்டு வந்துச்சுன்னா அது ரஷ்ய டாராகன். நல்லா வளரும், ருசியில வெறும் புல்லு."

"அப்ப இந்த மஞ்சப்பூ?"

"அது மெக்சிகன். சாமந்தி ஜாதி. சோம்பு வாசம் அடிக்குதுன்னு யாரோ டாராகன்னு பேர் வெச்சுட்டாங்க. வெயில் தாங்கும், அதனால பிரெஞ்சு வராத ஊர்ல வளர்ப்பாங்க. பாக்கெட்டைப் படிச்சா மட்டும் போதுமா? வாயில போட்டுப் பார்க்க மாட்டீங்களா? நாக்கு எதுக்கு இருக்கு, தபால்தலை ஒட்டவா?"

அக்கா ஜன்னலிலிருந்து "ஏண்டி" என்றாள். அத்தான் சிரித்துச் சமாளித்தார். எனக்கு உச்சி குளிர்ந்தது.

மண்ணோடு மணல் கலந்து, என் நாற்றை ஒரு மண்தொட்டியில் வைத்தேன். சமையலறையில் எந்த டப்பாவை மூடினாலும் தேதி எழுதிய டேப் ஒட்டுவது எங்கள் வழக்கம். இந்தத் தொட்டிக்கும் தேதி எழுதி ஒட்டினேன். "இதைத் தொடாதீங்க. தண்ணியும் ஊத்தாதீங்க. ஈரம் நின்னா வேர் அழுகிடும்" என்று அத்தானிடம் சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல மூன்று முறை சொன்னேன்.

குளிர் வந்ததும் செடி காய்ந்து நாலு குச்சியாக நின்றது.

"செத்துப்போச்சு போலிருக்கேம்மா."

"தூங்குது அத்தான். உங்களுக்குப் புரியலேங்கறதுக்காக அது செத்துடுமா? இதுக்கு மட்டும் ஏதாவது ஆகட்டும், உங்க மூஞ்சியிலேயே முழிக்க மாட்டேன்."

அதற்கப்புறம் ஓட்டலில் விருந்து மேல் விருந்து. இருட்டோடு போய் இருட்டோடு திரும்பினேன். தோட்டத்தைக் கண்ணால் பார்த்தே ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருக்கும். வெயில் வந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை இறங்கிப் பார்த்தால், என் டேப் ஒட்டிய தொட்டியில் ஒரு சாண் உயரத்துக்குத் தளதளவென்று பச்சை! கொஞ்சம் வெளிர்தான். இலையும் சற்று அகலம். என் கைப்பக்குவம், வேறென்ன?

"பாத்தீங்களா அத்தான்? இதுக்குப் பேர்தான் செடி. உங்க புல்லையும் பக்கத்துல வெச்சுப் பாருங்க, வித்தியாசம் தெரியும்."

"ஆமாமா, நல்லா வந்திருக்கு" என்று முனகிவிட்டு வேகமாக உள்ளே போனார். வயிற்றெரிச்சல் என்று நினைத்துக்கொண்டேன்.

குறித்த நாளன்று விடியற்காலையில் ஒரு கட்டு இலை பறித்தேன். கை நிறைய இருந்தும் வாசம் பெரிதாக எழவில்லை. பனியில் அடங்கியிருக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லி, ஈரத்துணியில் சுற்றி எடுத்துப் போனேன்.

முட்டைக்காரன் ஒரு தேநீர்க் கோப்பையில் செடியையே தூக்கி வந்திருந்தான். நோஞ்சானாக ஆறேழு இலை. "என்னப்பா, சாஸுக்கா, கண்ணுக்கு மை போடவா?" என்றேன். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அவன் பாட்டுக்கு வெண்ணெயை உருக்க ஆரம்பித்தான்.

நானும் முட்டை மஞ்சளை அடித்து, வெண்ணெய் சேர்த்து, இலையை நறுக்கித் தாராளமாகத் தூவிக் கொண்டுபோய் நீட்டினேன். கரண்டியம்மா நுனிநாக்கில் வைத்தார். அப்புறம் என் துணியிலிருந்து ஓர் இலையை எடுத்து மென்றார், அதைத் துப்பினார். நான் அத்தான் எதிரில் துப்பினேனே, அதே மாதிரி.

"இதை வாயில போட்டுப் பாத்தியா?"

என் சட்டைப் பையில் ருசி பார்க்கும் ஸ்பூன் இருந்தது. பதினோரு வருஷமாக அது இல்லாமல் நான் அந்த வாசலைத் தாண்டியதே இல்லை.

"தொட்டியில நான் டேப் ஒட்டியிருந்தேன்..." என்றேன்.

"டேப்பா?" என்றார். கரண்டியை எடுக்கக்கூட இல்லை. முட்டைக்காரன் பக்கம் திரும்பி அவன் சாஸை நாக்கில் வைத்துக் கண்ணை மூடினார். அடுப்பு போய்விட்டது.

மதியம் வீட்டுக்கு வந்தபோது அத்தான் தோட்டத்தில்தான் இருந்தார். என் முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துகொண்டார்.

"தொட்டியை மாத்துனீங்களா?"

"செடியை மாத்துனேம்மா. குளிர்ல ஒரு நாள் குழாயைத் திறந்து விட்டுட்டு மறந்துட்டேன். உன் தொட்டி முழுக்கத் தண்ணி. செடி போயே போச்சுன்னு நினைச்சேன். அதான், என்னோட விதைநாத்துல ஒண்ணை அதுல நட்டு..."

"சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல? நான் கரண்டியம்மாகிட்ட வேற நாத்து கேட்டிருப்பேனே! அது என் அடுப்பு!"

"மாடிப்படி வரைக்கும் மூணு தடவை வந்தேம்மா. சொன்னா நீ பேசுவியே."

குழாய்க்குப் பின்னாலிருந்து ஒரு பழைய பெயின்ட் டப்பாவை எடுத்து வந்தார். அடியில் ஆணியால் ஓட்டை போட்டு, மணல் நிரப்பியிருந்தது. மணலிலிருந்து மூன்று துளிர், ஒவ்வொன்றும் தீக்குச்சி நீளம்.

"உன் செடியோட வேரைத் தூக்கிப்போட மனசு வரல, இதுல வெச்சேன். முந்தாநாள்தான் துளிர் விட்டுச்சு. இதுதானா அதுன்னு எனக்குத் தெரியலம்மா. வாயில போட்டுப் பார்க்கலாம்னா, மூணே மூணுதான் இருக்கு."

வாயில் வண்டி வண்டியாக வசவு வைத்திருந்தேன். ரப்பர் ஸ்டாம்பிலிருந்து தொடங்கி எல்லாம் வரிசையாக நின்றது. அதற்குமுன் இலையைப் பார்த்துவிடலாம் என்று கையை நீட்டினேன்.

அவர் சட்டென்று ஓரடி பின்னால் போனார். அறுபத்துமூன்று வயது மனிதர், டப்பாவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு. ஜன்னலில் நின்ற அக்காவின் முகத்தைப் பார்த்தேன். இது அவளுக்குப் புதிதில்லை. எத்தனை வருஷமாக நான் பேசப்பேச அவர் இப்படிப் பின்னால் போய்க்கொண்டிருக்கிறார்? சிரித்துச் சமாளிக்கிறார் என்றுதான் நான் எண்ணியிருந்தேன்.

நின்ற இடத்திலிருந்தே எட்டி, ஒரே ஓர் இலையைக் கிள்ளி மென்றேன். முதலில் சோம்பு, அப்புறம் ஓர் இனிப்பு, அப்புறம் நாக்கு மரத்தது.

"இதுதான் அத்தான்" என்றேன்.

"நிஜமாவா?" என்று கேட்டார். கேட்டாரே தவிர, கிட்டே வரவில்லை.