விளிம்பு தேய்த்த கண்ணாடி

1

இந்தக் கதை ஒரு விரிசலிலிருந்து பிறந்தது. (உடனே மனமுறிவு என்று நினைத்துவிடாதீர்கள். சிமெண்டு, ஜல்லி, கம்பி, அந்த விரிசல்தான்.) மாமியார் போனபிறகு மாமனாரை எங்களோடு வைத்துக்கொள்ள, வீட்டை ஒட்டி ஓர் அறை கட்டினோம். பழைய வீட்டுத் தூணும் புது அறைத் தூணும் சேரும் இடத்தில் கான்கிரீட் பிளந்தது.

"நான் வந்த நேரம்மா. நல்லா இருந்த வீடு" என்றார் மாமா.

அவர் கொண்டுவந்த பெட்டி இன்னும் கட்டிலடியில், பிரிக்காமலேயே இருக்கிறது. அது காலியாக வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: "மழை ஓய்ந்த மாலையில், சுவரின் மௌனம்—"

வேண்டாம். அந்தச் சுவருக்கு ஏது மௌனம்? அந்தப் பக்கம் மாமா குறட்டை விடுவார். (இல்லவே இல்லை என்பார். நம்பாதீர்கள்.)

பொறியாளரான என் தங்கை வந்து பார்த்தாள். "உடனே பூசாதக்கா. குறுக்கால ஒரு கண்ணாடித் துண்டை ஒட்டு. உடைஞ்சா விரிசல் இன்னும் நகருதுன்னு அர்த்தம். உடையலன்னா அடங்கிடுச்சு, சிமெண்டு வச்சு அடைச்சிடலாம்."

"நகர்ந்தா?" என்று கேட்டார் மாமா.

"அதுக்கு வேற வைத்தியம், மாமா." அதற்குள் அவளுக்குப் போன் வந்துவிட்டது.

ஒட்டினேன். மாதக்கணக்கில் உடையவில்லை. சிமெண்டுகூட வாங்கிவிட்டேன்.

3

இங்கே மாமா பாத்திரத்தின்மேல் எனக்குச் சந்தேகம் வந்தது. படங்களுக்குச் சட்டம் போடும் கடை வைத்திருந்தவர். பரம சாது. சாதுவை வைத்து எப்படிக் கதை நகர்த்துவது? ஏதாவது திருட்டுத்தனம் செய்யவைக்கலாமா என்று யோசித்துக்கொண்டே, விரிசல்மேல் ஒட்டிய கண்ணாடியைத் தூசி துடைக்கப் போனேன். அவரே செய்துவைத்திருந்தார்.

நான் ஒட்டியது உடைந்த ஜன்னலின் துண்டு. அன்றே என் விரலைக் கிழித்தது. இப்போது தடவினால் நாலு விளிம்பும் வழுவழுவென்று தேய்க்கப்பட்டிருந்தன. யார் கையையும் கிழிக்கக் கூடாது என்று கடையில் ஒவ்வொரு கண்ணாடியையும் அப்படித்தான் தேய்ப்பாராம். உடைய உடைய எனக்குத் தெரியாமல் மாற்றி ஒட்டியிருக்கிறார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவருக்குக் கைப்பழக்கத்தை மறைக்கத் தெரியவில்லை.

'வேற வைத்தியம்' என்றால் அறையை இடிப்பது என்று அவராகவே முடிவுகட்டியிருக்க வேண்டும். நினைத்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. தங்கைக்குப் போன் போட்டேன்.

"இடிக்கறதா? யாருக்கா சொன்னா? பழசுக்கும் புதுசுக்கும் வேற வேற அஸ்திவாரம். புதுசு உக்கார்ற வரைக்கும் அசையத்தான் செய்யும். சிமெண்டு வச்சு இறுக்கினா பக்கத்துல வெடிக்கும். நடுவுல கொஞ்சம் இடைவெளி விட்டு, ரப்பர் மாதிரி இழுபடுற பசையை நிரப்பு. அறை எங்கயும் போகாது."

4

முடிவு ஒன்று: நேராகக் கேட்கிறேன். அவர் கூனிக்குறுகி— இல்லை, அதை என்னால் எழுத முடியாது.

முடிவு இரண்டு: ஒன்றும் தெரியாததுபோல் இருந்துவிடுகிறேன். பெட்டியும் அப்படியே இருந்துவிடும்.

முடிவு மூன்று: வாசகரிடம் விட்டுவிடுவது. நான் எழுதுவதை முதலில் படிக்கும் வாசகர் ஒருவர்தான். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, என் பிழைகளைப் பென்சிலால் சுழித்துத் தருபவர். இந்தத் தாள்களை அவர் கதவுக்கு அடியில் தள்ளிவிடப் போகிறேன்.

மாமா, படிச்சிட்டீங்களா? அறையை யாரும் இடிக்கல. பசை வாங்கிட்டேன், பூசும்போது நீங்களும் கூட நில்லுங்க. அதுக்கு முன்னாடி பெட்டியைக் காலி பண்ணணும். உங்க சட்டைக்கு அலமாரியில ஒரு தட்டு ஒழிச்சு வச்சிருக்கேன்.

நான் கதவுக்கு வெளியதான் நிக்கிறேன்.