பலகை நின்ற வீடு

அந்த மலையடி ஊரில், மூன்றாம் குடியிருப்புக் குழுவில் மொத்தம் எட்டு வீடுகள். நகராட்சியும் குடியிருப்போர் சங்கமும் அனுப்புகிற அறிவிப்புத் தாள்களை ஒரு பலகையில் கிளிப் போட்டு, குழுத் தலைவி ஹொசோயா மாதத்துக்கு இரண்டு முறை முதல் வீட்டில் கொடுப்பார். படித்தவர்கள் தங்கள் பெயருக்கு எதிரே முத்திரை குத்தி அடுத்த வீட்டில் சேர்க்க வேண்டும். ஒரு நாள், மிஞ்சிப்போனால் இரண்டு நாள். அதற்கு மேல் வைத்திருந்தால் ஊரே முகம் சுளிக்கும். ஏழாவது வீட்டு சுகாவாரா ஜூன் மாதம் தொடங்கி அதை வேண்டுமென்றே செய்துகொண்டிருந்தார்.

சுகாவாராவுக்கு அறுபத்தாறு வயது. குடிநீர் அலுவலகத்தில் நாற்பது வருஷம் குழாய் வரைபடங்களோடு குப்பை கொட்டியவர். மனைவி இறந்து நான்கு வருஷம் ஆகிறது, பிள்ளைகள் இல்லை. மனிதர் கெட்டவர் இல்லை. ஆனால் இன்னொருவர் வாசலில் போய் நின்று மணியடிப்பது என்றால் அவருக்குக் கை எழாது. கதவு திறந்ததும் முதல் வார்த்தையாக என்ன சொல்வது என்பது அவருக்கு இந்த வயதிலும் பிடிபடவில்லை. மனைவி இருந்தவரை அந்த வேலையை அவள் பார்த்துக்கொண்டாள். அவளுக்குப் பிறகு, பலகையை எட்டாவது வீட்டு வாசலில் சத்தமில்லாமல் சாய்த்து வைத்துவிட்டு ஓடி வந்துவிடுவார்.

எட்டாவது வீட்டில் தமயோ இருந்தார். எழுபத்து நான்கு வயது, அவரும் தனி ஆள். அந்தத் தெருவில் பாதிப் பேருக்கு சசாகி என்றே குடும்பப் பெயர் என்பதால் எல்லோரும் அவரைப் பெயர் சொல்லியே கூப்பிடுவார்கள். ஜூனில் சுகாவாராவுக்குக் காய்ச்சல் வந்து, பலகை மூன்று நாள் செருப்பு அலமாரி மேலேயே கிடந்தது. நாலாம் நாள் மணியடித்தது.

"சுகாவாரா சான்! உள்ள இருக்கீங்களா, இல்ல ஒரேயடியாப் போய்ச் சேந்துட்டீங்களா?"

கதவைத் திறந்தார்.

"அட, மூஞ்சியப் பாரு, வேகவச்ச முள்ளங்கியாட்டம். காய்ச்சல்னு ஒரு வார்த்தை சொன்னா வாயில இருக்கற முத்து உதிர்ந்துடுமா?"

அன்றைக்குக் கஞ்சி வைத்துக் கொண்டுவந்தார். வாசற்படியில் உட்கார்ந்து, மருமகள் சமையலையும் மேயரின் தலைமுடியையும் பத்து நிமிஷம் கிழித்துப் போட்டுவிட்டுப் போனார். அவர் போனதும் வீடு எப்போதும் போல ஆனது. அந்த எப்போதும் போல என்பது எவ்வளவு மோசம் என்று சுகாவாராவுக்கு அன்றுதான் உறைத்தது. அடுத்த பலகை வந்ததும் அதைப் படித்தார், முத்திரை குத்தினார், செருப்பு அலமாரி மேல் வைத்தார், காத்திருந்தார். நாலாம் நாள் தமயோ வந்தார். அதற்கடுத்த தடவையும் வந்தார். சுகாவாரா 'அடடா, மறந்தே போச்சு' என்று தலையைச் சொறிவார். நடிப்பு சுமார்தான். ஆனால் முந்தின நாளே நல்ல தேயிலையும் புகைபோட்ட முள்ளங்கி ஊறுகாயும் வாங்கி வைத்திருப்பார்.

அக்டோபர் இரண்டாவது பலகையில் ஐந்து தாள்கள் இருந்தன. உதிர்ந்த இலைகளை எந்தக் கிழமை, எந்தப் பையில் கட்டி வைக்க வேண்டும் என்று ஒன்று. மண்ணெண்ணெய் அடுப்பைப் பனிக்கு முன்னால் துடைத்துப் பாருங்கள் என்று ஒன்று. ஃப்ளூ ஊசி, ஞாயிற்றுக்கிழமை கால்வாய் சுத்தம். கடைசியாக ஒரு இளஞ்சிவப்புத் தாள்: கோயிலுக்குப் பின்னால் கரடி நடமாட்டம் இருக்கிறது, கரடி தேடி வரும் காக்கிப் பழங்களை வீட்டு மரங்களில் விட்டு வைக்காதீர்கள், பறிக்க முடியாதவர்கள் நகராட்சிக்குச் சொன்னால் ஆள் வந்து பறித்துத் தருவார்.

தமயோ வீட்டுக் கொல்லையில் ஒரு காக்கி மரம் இருந்தது. இலையெல்லாம் கொட்டிப்போய், தக்காளி போன்ற பழம் மட்டும் ஆரஞ்சு நிறத்தில் கொத்துக் கொத்தாகத் தொங்கியது. நவம்பர் முதல் வாரம் மகன் வந்து பறித்துக் கொடுக்க, தோல் சீவிக் கயிற்றில் கட்டிக் காயப்போடுவது அந்த அம்மாளின் வழக்கம். சுகாவாரா அந்தத் தாளை இரண்டு முறை படித்தார். மரமும் நினைவுக்கு வந்தது. எப்படியும் நாலாம் நாள் வரத்தானே போகிறார், அப்போது சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்துக்கொண்டார்.

நாலாம் நாள் தமயோ வரவில்லை.

காலையிலிருந்து இரண்டு கோப்பைகளை எடுத்து வைத்துக் காத்திருந்தவர், மூன்று மணிக்கு ஒன்றை மட்டும் அலமாரியில் திரும்ப வைத்தார். சாயங்காலம் அடுத்த வீட்டுச் சமையலறையில் விளக்கு எரிந்தது. ஆக, ஆள் நன்றாகத்தான் இருக்கிறார். அப்படியானால் வந்தால் என்னவாம்? அறுபத்தாறு வயதில் மனிதருக்குச் சின்னப் பிள்ளை மாதிரி வீம்பு வந்தது. ஐந்தாம் நாள் நகராட்சி ஒலிபெருக்கி கரடியைப் பற்றித்தான் ஏதோ சொன்னது. அந்த ஊரில் ஒலிபெருக்கி பேசினால் மலை நாலு தடவை திருப்பிப் பேசும், ஒன்றும் விளங்காது. தமயோவுக்குக் காதும் மந்தம். இதெல்லாம் தெரிந்தும், பலகையைக் கையில் எடுத்து ஷூவைக்கூடப் போட்டுக்கொண்டும், வாசலில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு ஷூவைக் கழற்றினார். நாளைக்கு வருவார்.

ஆறாம் நாள் காலை ஏழு மணிக்குப் போலீஸ் வண்டிதான் வந்தது.

துணி உலர்த்தப் பின்கதவைத் திறந்த தமயோவுக்கு எதிரே, மரத்தடியில் கரடி நின்றிருந்தது. பயத்தில் பின்பக்கமாக விழுந்து வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். எப்படியோ காலால் கதவைச் சாத்திவிட்டு, இடது கையால் போலீசுக்குப் போன் செய்திருக்கிறார். கரடி நிதானமாக மரத்தில் ஏறி மதியம் வரை பழம் தின்றது. வேட்டைச் சங்கத்தார் பட்டாசு வெடித்து அதை மலைக்கு விரட்டினார்கள். மறுநாள் நகராட்சி ஆட்கள் வந்து, தமயோவின் சம்மதத்தோடு மரத்தை அடியோடு வெட்டினார்கள். ரம்பச் சத்தம் முடிகிறவரை சுகாவாரா வாசல் கதவைத் திறக்கவில்லை.

ஹொசோயா வந்து வாசலில் நின்றார். "தமயோ சானுக்கு அந்தத் தாள் போகவே இல்லையாமே. பலகை யார்கிட்ட நின்னுச்சு?"

"என்கிட்டதான்."

ஹொசோயா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "ஓ, அப்படியா" என்று தலை குனிந்து வணங்கிவிட்டுப் போய்விட்டார்.

தூரத்து சிபா நகரிலிருந்து தமயோவின் மகன் வந்திருந்தான். இனிமேல் அம்மாவைத் தனியாக விடுவதில்லை, கையோடு கூட்டிக்கொண்டு போகிறேன் என்று தெருவில் எல்லோரிடமும் சொன்னான். சுகாவாரா அந்த வீட்டுக்குப் போனபோது கதவு விரியத் திறந்திருந்தது. மகன் பெட்டிகளைக் காரில் ஏற்றிக்கொண்டிருந்தான். தமயோ உடைந்த கையைக் கழுத்தில் கட்டிய துணியில் தொங்கவிட்டு வாசற்படியில் உட்கார்ந்திருந்தார்.

சுகாவாரா நின்றபடியே இடுப்பு வளைய வணங்கினார். "பலகை என் வீட்லதான் இருந்துச்சு. மறக்கல. வேணும்னேதான் வச்சிருந்தேன். நீங்க கேட்டு வருவீங்கன்னு."

"தெரியும்."

"எது?"

"எல்லாம்தான். மறதி வர்ற மனுஷன் பலகை வர்ற அன்னிக்கு மட்டும் கரெக்டா மறப்பானா? ஜூலையிலேயே தெரிஞ்சுபோச்சு. அதுவும் புது ஊறுகாயா வாங்கி வச்சுக்கிட்டு!" சிரித்தார். சிரிப்பில் கை வலித்திருக்க வேண்டும், முகம் சுருங்கியது.

"தெரிஞ்சுமா வந்தீங்க?"

"எனக்கு மட்டும் யாரு வராங்க, சுகாவாரா சான்?"

சுகாவாரா படியோரம் மெல்ல உட்கார்ந்தார்.

"இந்தத் தடவை நான் போகக்கூடாதுன்னு இருந்தேன். எப்பவும் நாமதானே போறோம், ஒரு தடவையாவது இந்த மனுஷன் தானா வந்து மணியடிக்கட்டுமேன்னு. தெனமும் டீக்குத் தண்ணி வச்சுட்டு உக்காந்திருந்தேன். அஞ்சு நாள் பார்த்தேன்." தமயோ கொல்லைப் பக்கம் திரும்பினார். "கடைசியில கரடிதான் வந்துச்சு."

மகன் காரிலிருந்து கூப்பிட்டான். சுகாவாரா என்னென்னவோ சொல்ல நினைத்தார். "உடம்பப் பாத்துக்குங்க" என்பது மட்டும்தான் வெளியே வந்தது.

"நீங்களும்தான். காய்ச்சல் வந்தா வாயத் தொறந்து சொல்லுங்க" என்றார் தமயோ. யாரிடம் சொல்வது என்று அவரும் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை.

நவம்பர் முதல் பலகை வந்தபோது பட்டியலில் எட்டாவது பெயர் கோடு போட்டு அடிக்கப்பட்டிருந்தது. சுகாவாராதான் இனி கடைசி. அவர் முத்திரை குத்திய பிறகு பலகையைக் குழுத் தலைவி வீட்டில் திருப்பிக் கொடுக்க வேண்டும். காருக்குப் பனிக்கால டயர் மாற்றுவது பற்றியும் தண்ணீர்க் குழாய் உறையாமல் பார்த்துக்கொள்வது பற்றியும் தாள்கள் இருந்தன. படித்து முடித்த கையோடு கிளம்பிவிட்டார். தலையைச் சீவிக்கொண்டு, நல்ல கோட்டைப் போட்டுக்கொண்டு போனார்.

ஹொசோயா வீட்டு மணியின் மேல் விரலை வைத்தார். உள்ளே டிவி சத்தமும் யாரோ சிரிக்கிற சத்தமும் கேட்டன. அழுத்தினார்.

"யாரு?" என்றது சுவரில் இருந்த பேசும் பெட்டி.

"ஏழாம் வீட்டு சுகாவாரா. பலகை கொண்டாந்திருக்கேன்."

"ஐயோ, அதுக்குள்ளயா! ரொம்ப நன்றி. கை வேலையா இருக்கேன், அங்கயே வச்சுட்டுப் போயிடுங்க."

"சரிங்க" என்றார். பெட்டி அணைந்தது. இப்படி ஒரு வாசலில் வந்து நிற்க எவ்வளவு தைரியம் வேண்டும் என்று தெரியாமலேயே, தன்னைவிட எட்டு வயது மூத்த தமயோவைத் தன் வாசலில் மாதம் இரண்டு முறை அவர் நிற்க வைத்திருக்கிறார். பலகையைக் கதவோரம் வைத்தார். உடனே போய்விட மனம் வரவில்லை. யாராவது எட்டிப் பார்ப்பார்களோ என்று கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார்.