இனிப்பு மாத்திரையும் பார்சல் தராசும்

முதலில் எனக்குத் துரை மேல்தான் கோபம் வந்தது. அப்புறம் டாக்டர் மேல், அப்புறம் மாத்திரை மேல், கடைசியில் சேர்மாதேவி ரயில்வே ஸ்டேஷன் பார்சல் தராசு மேல். ஒன்பது வருஷம் ரெவினியூ இன்ஸ்பெக்டராக வெயிலிலும் மழையிலும் ஊர் ஊராய் அலைந்தவனுக்கு இவ்வளவு கோபம் வரலாம், தப்பில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பன்னிரண்டாம் வருஷத்து ஐப்பசி மழையில் கன்னடியன் கால்வாய்க் கரை ஓரிடத்தில் உடைந்துவிட்டது. சப்-கலெக்டர் துரை பார்வையிடக் கிளம்பினார். அவர் முன்னால் போக, நான் என் மட்டக்குதிரையில் பின்னால் போனேன். பாதி வழியில் குதிரை நின்றது. நின்றிருந்தால் பரவாயில்லை, அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டது. துரை திரும்பி வந்து என்னை ஒரு தரம் பார்த்தார், குதிரையை இரண்டு தரம் பார்த்தார். அவருக்கு என் மேல் கோபமில்லை. குதிரை மேல் இரக்கம்.

மறுநாள் ஆபீசுக்குக் கூப்பிட்டுச் சொன்னார். நாங்குநேரி டிப்டி தாசில்தார் வேலை பங்குனியில் காலியாகிறது, என் பெயரை எழுத அவருக்குச் சம்மதம். ஆனால் டிப்டி தாசில்தார் என்றால் குதிரையேறிச் சுற்ற வேண்டும். பங்குனி முதல் தேதிக்கு நான் இருநூறு ராத்தல் எடைக்குள் வந்து நிற்க வேண்டும். இல்லாவிட்டால் ரிக்கார்டு ரூமில் எனக்கு ஒரு நாற்காலி போடுவார். "அந்த நாற்காலிக்கு எடை தடையில்லை, மிஸ்டர் சிவசண்முகம்" என்றார்.

ரிக்கார்டு ரூமுக்குள் போனவர்கள் பென்ஷனோடுதான் வெளியே வருவார்கள். எனக்கு வயது நாற்பத்தொன்றுதான்.

எடை என்ன என்றே எனக்குத் தெரியாது. அந்த வாரம் ஞானம்பாளை, அதாவது என் மனைவியை, பாளையங்கோட்டையில் இருக்கும் அவள் அக்காள் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனபோது, வெற்றிலைக் கட்டு நிறுக்கிற தராசில் ஏறி நின்றேன். பார்சல் கிளார்க் கைலாசம் கல்லை நகர்த்தி நகர்த்திப் பார்த்துவிட்டு, "இருநூத்தி இருபத்தாறு" என்றார்.

"உம்ம தராசு சரியா இருக்கா வே?" என்றேன்.

"சந்தேகம்னா அம்மாவையும் நிறுத்துப் பாருங்க."

ஞானம்பாள் மாட்டேன் என்று தூணுக்குப் பின்னால் ஒதுங்கினாள். பிளாட்பாரத்தில் ஈ காக்கை இல்லை. நான் முறைத்ததும் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு ஏறினாள். நூற்று முப்பத்தெட்டு. இரண்டையும் என் டைரியில் குறித்துக்கொண்டேன்.

"என் எடையை எதுக்கு எழுதுதிய?" என்று கேட்டாள்.

"நாளைக்குத் தராசு ஏமாத்துச்சுன்னா கண்டுபிடிக்கணும்லா? நீ அப்படியேதான இருக்கப்போற."

டாக்டர் பாக்கியசீலன் மிஷன் பள்ளிக்கூடத்தில் என்னோடு படித்தவர். இப்போது பாளையங்கோட்டையில் சொந்தமாக டிஸ்பென்சரி வைத்திருக்கிறார். விஷயத்தைக் கேட்டுச் சிரித்துவிட்டு, அலமாரியிலிருந்து சின்னக் கண்ணாடிக் குப்பி ஒன்றை எடுத்தார். உள்ளே மிளகைவிடச் சின்னதாக வெள்ளை மாத்திரைகள்.

"சாக்கரீன்னு பேரு. ஜெர்மன்காரன் கரித்தாரிலேருந்து எடுக்கான். ஒரு மாத்திரை போட்டா ரெண்டு கரண்டி சீனி இனிப்பு இருக்கும். உடம்புல ஒட்டவே ஒட்டாது."

"அப்ப இதைச் சாப்பிட்டா மெலிஞ்சிருவேன்?"

"இது எங்க வே மெலிய வைக்கும்? சீனியால ஏறுதது ஏறாது, அவ்வளவுதான். மத்ததை நீருதான் பாக்கணும். சாப்பாட்டைப் பாதியாக்கும். காலைல நடையும்."

சாப்பாட்டைப் பாதியாக்குவது எனக்கு ஒரு பெரிய காரியமா? சைவக் குடும்பத்தில் பிறந்தவன். விரதம் இருக்கத் தெரியாதவனா? அன்றைக்கே ராத்திரிச் சோற்றை நிறுத்தினேன். கார்த்திகை பிறந்ததும் திங்கள், வெள்ளி, சஷ்டி, பிரதோஷம் என்று ஒன்று விடாமல் பிடித்துக்கொண்டேன். சோறு கண்ணில் படக் கூடாது. வெறும் பலகாரம்தான். ஐந்து தோசை, தொட்டுக்கொள்ள எள்ளுப்பொடியும் நல்லெண்ணெயும். தோசை இல்லாத நாளில் ஆப்பமும் தேங்காய்ப்பாலும். அதுவும் சலித்தால் கருப்பட்டிக்குப் பதில் மாத்திரை போட்ட உளுந்தங்களி. ஒரு பருக்கை சோறு கிடையாது.

"இன்னும் ரெண்டு வைக்கட்டுமா?" என்பாள் ஞானம்பாள்.

"ஒண்ணு போதும். விரதம்லா" என்பேன்.

என்னை நினைத்து எனக்கே பெருமையாக இருந்தது.

முன்பு ஒரு நாளைக்கு இரண்டு காப்பி குடிப்பேன், கருப்பட்டி போட்டு. இப்போது ஆறு, சில நாள் ஏழு. மாத்திரைதான் உடம்பில் ஒட்டாதே. பாலை மட்டும் திக்காகக் காய்ச்சச் சொல்லிவிட்டேன், மாத்திரைக் காப்பியில் கடைசியாக நாக்கில் ஒரு கசப்பு நிற்கிறது, அதை மறைக்க. பாயசத்தில்கூட வெல்லத்தை நிறுத்திவிட்டு மாத்திரையைக் கரைத்து ஊற்றச் சொன்னேன். அப்படிச் செய்த பாயசம் மூன்று தம்ளர் குடித்தாலும் பயமில்லை.

விடியற்காலையில் தாமிரபரணிக்கு நடந்து போய்க் குளித்துவிட்டு நடந்தே வந்தேன். குளிர்ந்த தண்ணீரில் அரை மணி நேரம் கிடந்துவிட்டு வருகிறவனுக்குப் பசிக்கத்தானே செய்யும்?

கார்த்திகைக் கடைசியில் தராசில் இருநூற்று இருபத்துநான்கு. இரண்டு ராத்தல் குறைந்துவிட்டது! கைலாசத்தைக் கட்டிப் பிடிக்காத குறை. அன்று சாயங்காலம் ஞானம்பாள் முந்திரிக்கொத்து செய்து வைத்திருந்தாள். ஒரு மாசத்துக்கு மேல் சீனியும் கருப்பட்டியும் தொடாதவன் நாலு முந்திரிக்கொத்து தின்றால் என்ன? நாலு என்பது ஏழாயிற்று.

மார்கழியில் கோயிலில் தினமும் பொங்கல். அதைக் கையில் வாங்கிவிட்டு வேண்டாம் என்று சொல்ல முடியுமா? பிரசாதத்தைச் சாப்பாட்டோடு சேர்ப்பதே பாவம். மாதக் கடைசியில் இருநூற்று இருபத்தொன்பது. தை முடிவில் இருநூற்று முப்பத்தொன்று.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. டாக்டருக்குக் காரசாரமாகக் கடிதம் எழுதினேன். உம்முடைய ஜெர்மன் மாத்திரை மெலிய வைக்காதது மட்டுமில்லை, ஊத வைக்கிறது. நாக்குக்கு இனிப்பைக் காட்டிவிட்டு வயிற்றுக்கு ஒன்றும் போடாவிட்டால், ஏமாந்த வயிறு இரண்டு பங்காகக் கேட்கிறது. இதைப் பற்றி உங்கள் சாஸ்திரம் என்ன சொல்கிறது? இப்படிப் போயிற்று கடிதம். பதில் ஒரு கார்டில் வந்தது. "வயிறு கேட்கிறது உண்மையாக இருக்கலாம். எனக்கு அது தெரியாது. கேட்டதைக் கொடுத்தது யார்? ராத்திரி என்ன சாப்பிடுகிறீர் என்று எழுதும்." நான் உடனே எழுதினேன்: "ஒன்றுமே சாப்பிடுவதில்லை. பலகாரம் மட்டும்." அதற்குப் பதில் வரவில்லை.

மாசியில் ஒரு நாள் குதிரைக்குச் சேணம் கட்டும்போது, குதிரையைப் பார்த்துக்கொள்ளும் காஜா முகைதீன் தொண்டையைக் கனைத்தார்.

"அய்யா, தப்பா நினைக்கக் கூடாது. முந்தியைவிட இப்ப கொஞ்சம் கனம் கூடுதல்னு குதிரை சொல்லுது."

"என்ன பாய் இது! ராத்திரிச் சோத்தையே விட்டுட்டேன். பலகாரம்தான் சாப்பிடுதேன்."

"அது நமக்குத் தெரியும் அய்யா. குதிரைக்குச் சோறு வேற, பலகாரம் வேறன்னு தெரியலயே."

இந்த ஊரில் எல்லாருக்கும் வாய் நீண்டுவிட்டது என்று நினைத்துக்கொண்டு அவரோடு இரண்டு நாள் பேசவில்லை.

பங்குனி முதல் தேதி துரையே ஸ்டேஷனுக்கு வந்தார். தலைப்பாகையைக் கழற்றி வைத்தேன். கோட்டைக் கழற்றினேன். செருப்பையும் விட்டுவிட்டு ஏறினேன். கைலாசம் எண்ணைச் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. இருநூற்று முப்பத்துமூன்று. துரை திட்டவில்லை, கேலியும் பண்ணவில்லை. தலையை லேசாக ஆட்டிவிட்டுப் போய்விட்டார். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். சாயங்காலமே உத்தரவு வந்தது. நாங்குநேரிக்கு அம்பாசமுத்திரத்து ஆள் ஒருவர் போகிறார். எனக்கு ரிக்கார்டு ரூம்.

அன்று பூராவும் யோசித்ததில் எனக்கு ஒன்றுதான் பட்டது. ஐந்து மாதம் சோற்றை விட்டவன், சீனியை விட்டவன், ஆற்றுக்கு நடந்தவன் ஏழு ராத்தல் ஏற முடியாது. தராசு கெட்டுப்போயிருக்கிறது. அதை நிரூபித்து மேலே மனுப் போட வேண்டும். நிரூபிக்க என்னிடம் டைரி இருக்கிறது, ஞானம்பாள் இருக்கிறாள்.

மறுநாள் காலை ரயில் போன பிறகு அவளை ஸ்டேஷனுக்குக் கூட்டிப் போனேன். வழியெல்லாம் "எனக்கு எதுக்கு? வேண்டாம், சொன்னாக் கேளுங்க" என்றுகொண்டே வந்தாள். நான் கேட்கவில்லை. "நீ பேசாம ஏறு. உன் எடையும் கூடிக் காட்டிச்சுன்னா இந்தத் தராசோட யோக்கியதை சந்தி சிரிச்சிரும்."

ஏறினாள். கைலாசம் கல்லை நூற்று முப்பத்தெட்டில் வைத்தார். தண்டு அசையவில்லை. கல்லைப் பின்னால் தள்ளினார். இன்னும் தள்ளினார். தண்டு மெல்ல எழுந்து நேரே நின்றது.

"நூத்தி பதினாலு" என்றார்.

"பாத்தீரா! பாத்தீரா வே!" என்று நான் கத்தினேன். "இருபத்துநாலு ராத்தல் வித்தியாசம்! எனக்குக் கூட்டிக் காட்டுது, இவளுக்குக் குறைச்சுக் காட்டுது. இதை ஒரு தராசுன்னு வச்சிக்கிட்டு..."

கைலாசம் என்னைப் பார்க்கவில்லை. ஞானம்பாளைப் பார்த்துக்கொண்டிருந்தார். "தராசு சரியாத்தான் இருக்கு அண்ணாச்சி" என்றார் பைய. "நீங்க கொஞ்சம் அம்மாவைப் பாருங்க."

பார்த்தேன். கம்பியைப் பிடிக்கக் கையை உயர்த்தியிருந்தாள். மணிக்கட்டில் கிடக்க வேண்டிய வளையல்கள் முழங்கை வரை இறங்கிக் கிடந்தன. ரவிக்கை தோளில் மடிப்பு மடிப்பாகத் தொங்கியது. கழுத்தெலும்பு தெரிந்தது. இவள் தினமும் என் முன்னால்தான் நடமாடினாள். தினமும் என் இலையில் தோசை வைத்தது இந்தக் கைதான். ஐந்து மாதமாக நான் இலையைத்தான் பார்த்திருக்கிறேன்.

"உனக்கு என்ன சீக்கு?" என்றேன்.

"சீக்கெல்லாம் ஒண்ணுமில்ல. வீட்டுக்கு வாங்க, சொல்லுதேன்."

வீட்டில் வந்து சொன்னாள். துரை கெடு வைத்த அன்றைக்கே கோயிலுக்குப் போய் நேர்ந்துகொண்டாளாம். எனக்கு டிப்டி தாசில்தார் வேலை கிடைக்கும் வரை ஒரு வேளைதான் சாப்பாடு. சீனியோ கருப்பட்டியோ வெல்லமோ நாக்கில் வைப்பதில்லை. நான் சாப்பிட்டு எழுந்த பிறகு அவள் அடுப்படியில் உட்கார்ந்து சாப்பிடுவாள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். சாப்பிட்டாளா என்று ஒரு நாளும் எட்டிப் பார்த்ததில்லை.

"பலகாரமாவது சாப்பிட்டியா?"

"ஒரு வேளைன்னா ஒரு வேளைதான? பலகாரம் மட்டும் சாப்பாட்டுல சேராதா?"

குத்திக் காட்டுவதற்காக அவள் அதைச் சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னாள். எனக்குத்தான் நெஞ்சில் போய்த் தைத்தது. காஜா முகைதீன் சொன்னதும், டாக்டர் கார்டில் கேட்டதும், இவள் சொல்வதும் ஒன்றுதான். அவர்களெல்லாம் சொன்னபோது கோபம் வந்தது. இப்போது வெட்கமாக இருந்தது.

"சரி, முடிஞ்சு போச்சு. வேலை இன்னொருத்தனுக்குப் போயிட்டு. இனி நீ நல்லாச் சாப்பிடு."

"அது எப்படி? வேலை கிடைக்குத வரைக்கும்னுதான நேர்ந்திருக்கேன்."

"நான் ரிக்கார்டு ரூமுக்குப் போறேன் ஞானம். இனி எப்பக் கிடைக்கும்னு யாருக்குத் தெரியும்? கோயில்ல போய் மாத்திச் சொல்லிரு."

"சாமி என்ன தாலுகாக் கச்சேரியா, மனுவை மாத்தி எழுதிக் குடுக்க?" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள்.

அழுகை வந்தது. யார் மேல் கோபப்படுவது என்று தெரியாமல் மாத்திரைக் குப்பியைத் தூக்கி எறியப் போனேன். அது என்ன செய்தது, பாவம்? என்னுடைய சீனியை நிறுத்தியது. அதற்கு மேல் தன்னால் ஆகாது என்று அதன் சார்பில் டாக்டர் அன்றைக்கே சொல்லிவிட்டார். ஒரு மாத்திரையும் தொடாதவள் இருபத்துநாலு ராத்தல் குறைந்து நிற்கிறாள்.

மறுநாள் காலை என் காப்பியையும் குப்பியையும் முன்னால் வைத்துவிட்டு அவள் அடுப்படிக்குப் போனாள். நானும் பின்னாலேயே போனேன். அவள் தம்ளரை வாங்கி ஒரு வாய் குடித்தேன். பால் பேருக்குத்தான் இருந்தது. கடுங்கசப்பு. விழுங்கவே முடியவில்லை.

"இதையா அஞ்சு மாசமா குடிக்க?"

"பழகிட்டு."

"இனி எனக்கும் இப்படியே குடு. ராத்திரிக்குப் பலகாரம் எதுவும் வேண்டாம். மத்தியானம் நீ சாப்பிடுத அளவுதான் எனக்கும். அடுத்த வருஷம் துரைகிட்டப் போய் நிக்கேன்."

"சரி" என்றாள்.

எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்தது. மத்தியானம் தண்ணீர் குடிக்க அடுப்படிப் பக்கம் போனேன். மூலையில் பெரிய பாத்திரத்தில், வழக்கம்போல், தோசைக்கு இரண்டு படி அரிசியும் உளுந்தும் ஊறிக்கொண்டிருந்தன.