ஓட்ஸ் பாலில் பதினொன்று

1

இந்தக் கதை என் வெட்கத்தில் பிறந்தது. எனக்கு ரத்தத்தில் சர்க்கரை ஏறியபோது பரிசோதித்த லேபைத்தான் திட்டித் தீர்த்தேன். தினமும் குடித்த பாதாம்பால் டப்பாவைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. என்னைவிடக் கெட்டிக்காரி ஒருத்தி அதைச் செய்யட்டும் என்று எழுத உட்கார்ந்தேன்.

2

முதல் தொடக்கம்: 'மடுகரைக் கரும்பின் மேல் காலைப்பனி மெல்ல...'

வேண்டாம். அவளுக்குப் பனி பார்க்க நேரமேது?

இரண்டாவது: தையலம்மாள் பொய் சொல்லவில்லை.

இதுதான் சரி. ஐம்பத்திரண்டு வயது, மூன்று காணி கரும்பு. இரண்டு மாதமாகச் சர்க்கரை, வெல்லம், பால் டீ எல்லாவற்றையும் விட்டிருந்தாள். 'சர்க்கரை சேர்க்கப்படவில்லை' என்று முன்பக்கம் போட்ட ஓட்ஸ் பாலைத் தவளக்குப்பத்தில் வாங்கி, காலைச் சாப்பாட்டோடு அரை லிட்டர் குடித்தாள். அப்படியும் ஆஸ்பத்திரியில் சாப்பிட்ட பின் எடுத்த ரத்தத்தில் சர்க்கரை 262.

"ஸ்வீட் எதனா சாப்டீங்களாக்கா?" என்றாள் நர்ஸ் ஜோஸ்பின்.

"இல்லம்மா. வாயில வைக்கல."

பக்கத்தில் நின்ற புருஷன் நாகராஜன் சிரித்தான். "கழனியில ஒரு துண்டு கடிச்சிருப்பா சிஸ்டர். கரும்புக்காரி வேற இன்னா பண்ணுவா?"

வரிசையில் நின்றவர்களும் சிரித்தார்கள். தையலம்மாளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

3

(இங்கே அவளை அழவைத்து இரண்டு வரி எழுதினேன். அவள் அழுகிற ஆளில்லை. அந்த வரிகளை அடித்துவிட்டேன்.)

மறுநாள் காலை பீரோவிலிருந்து மீட்டரை எடுத்தாள். கரும்பு வெட்டுமுன் ஒரு சொட்டுச் சாற்றைக் கண்ணாடியில் விட்டு இனிப்பு எவ்வளவு என்று வெயிலுக்கு நேரே பார்க்கிற சின்னக் குழாய். அவள் பார்த்துச் சொன்னால் ஆலைக்காரரே மறுபேச்சில்லாமல் வெட்டச் சொல்வார். அப்பேர்ப்பட்ட கண். ஓட்ஸ் பாலைத் துணியில் வடிகட்டி ஒரு சொட்டு விட்டாள்.

"இன்னா காட்டுது?" என்றான் நாகராஜன்.

"பதினொன்னு. நம்ம ஆறு மாசக் கரும்பு இப்டித்தான் காட்டும்."

[அடிக்குறிப்பு: அந்தக் குழாய் கரைந்திருக்கிற எல்லாவற்றையும் சேர்த்தே அளக்கும். எனவே அது ஒரு சந்தேகம்தான், சாட்சியில்லை. தையலம்மாளுக்கும் தெரியும், அதனால்தான் டப்பாவைத் திருப்பினாள்.]

பின்பக்கம், எறும்பு எழுத்தில்: நூறு மில்லிக்கு மொத்தச் சர்க்கரை ஐந்து கிராம். யாரும் அள்ளிப் போட்டதல்ல. பதப்படுத்தும்போது ஓட்ஸின் மாவே சர்க்கரையாகிவிடுகிறது. அரை லிட்டருக்கு இருபத்தைந்து கிராம். ஐந்தாறு ஸ்பூன்!

4

டப்பாவை மட்டும் நிறுத்தினாள். மூன்று வாரம் கழித்து 181.

"எப்டிக்கா இவ்ளோ எறங்குச்சி?" என்று ஜோஸ்பின் கேட்க, காலி டப்பாவை மேஜையில் வைத்து அந்த எழுத்தைக் காட்டினாள். "நான் ஒண்ணும் திருட்டுத்தனமா தின்னலம்மா. இதுல இருந்திச்சி." அன்றைக்குச் சிரித்தவர்களில் நாலு பேர் எட்டிப் பார்த்தார்கள். என் தையலம்மாள் தலை நிமிர்ந்து நின்றாள். எழுதிய எனக்கே பெருமை தாங்கவில்லை.

வெளியே பைக்கைக் கிளப்பிக்கொண்டு நாகராஜன் சொன்னான்: "நீ சொன்னது சரிதான் தையலு."

"மீட்டர் சொன்னப்புறம் சொல்ற. நான் சொன்னப்ப இன்னா சொன்ன?"

5

முடிவு ஒன்று: அவன் மன்னிப்புக் கேட்கிறான். (தித்திக்கிறது.)

முடிவு இரண்டு: அவள் பஸ் ஏறி...

எனக்குத் தெரியவில்லை. பைக் உறுமிக்கொண்டு நிற்கிறது. அவள் ஏறுவாளா, நடப்பாளா, நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். ஒரே ஒரு நிபந்தனை: "பரவால்ல, வுடு" என்று மட்டும் அவளைச் சொல்லவைக்காதீர்கள்.